பெரிய வட்டமா, முத்திரை அட்டையா, சின்னச் சுற்றா? சுங்கை சிப்புட்டில் ஒரு நெடுந்தூரச் செம்மண் சைக்கிளோட்டம்

தோட்டத்துச் செம்மண் சடக்கில், அதாவது தோட்டச் சாலையில், நெடுந்தூர சைக்கிளோட்டம் ஒன்றை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் ஊரில் நடத்தலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. நடத்த வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. எப்படி நடத்துவது என்பதில்தான் மூன்று கட்சி. அமெரிக்காவில் நடப்பதைப்போல 200 கிலோமீட்டரில் ஒரே பெரிய வட்டம் போட வேண்டும் என்பது ஒன்று. போட்டியே வேண்டாம், ஆடாக்ஸ் முறையில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு அவரவர் வேகத்தில் முடிக்கட்டும் என்பது இன்னொன்று. நாற்பது கிலோமீட்டர் சுற்று ஒன்றைப் போட்டு, முடிந்தவர் முடிந்த தடவை சுற்றட்டும் என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. ஆனால் மற்ற இரண்டையும் கேலி செய்துவிட்டு நகர முடியாது. அவற்றிலும் நல்ல விஷயம் இருக்கிறது.

முதலில் பெரிய வட்டம். இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் மேய்ச்சல் நிலம், பிளின்ட் ஹில்ஸ் என்னும் குன்றுகள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சரளைக்கல் சாலை. 2006-இல் அங்கே 34 பேர் 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர் ஓட்டக் கிளம்பினார்கள். அப்போது அதன் பெயர் டர்ட்டி கன்சா. இப்போது அன்பவுண்ட் கிரேவல். இன்று ஆயிரக்கணக்கானவர்கள் வந்து நிற்கிறார்கள், உலக முன்னணி வீரர்கள் உட்பட. அதற்கு முன்னாலேயே, 2005-இல், பக்கத்து அயோவா மாநிலத்தில் டிரான்ஸ் அயோவா என்று ஒன்று தொடங்கியது. 300 மைலுக்கு மேல் தூரம், நுழைவுக் கட்டணம் கிடையாது, வழி எழுதிய காகிதம் ஒன்றுதான் கையில். இப்படி ஊர்க்காரர்கள் தொடங்கிய விளையாட்டு 2022-இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் உலக சாம்பியன்ஷிப் நடக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. நெடுஞ்சாலைக்கு ஒதுக்குப்புறமான ஒரு சின்ன ஊர், உழைக்கிற நிலம், தார் போடாத சாலை. இதைப் படிக்கிற சுங்கை சிப்புட்காரனுக்கு ‘நம்மிடமும் இதெல்லாம் இருக்கிறதே’ என்று தோன்றாமல் இருக்காது.

இருக்கிறதுதான். ஆனால் கன்சாஸில் இருக்கிற மூன்று நம்மிடம் இல்லை: நீண்ட பகல், திறந்த சாலை, காய்ந்த பிற்பகல்.

பகலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் தொடக்கத்தில் எம்போரியாவில் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் வெளிச்சம் இருக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டரைக்குப் பிறகும் சூரியன் மறையாது. நமக்கு வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான். அதிலும் 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டதால் ஏழு மணி தாண்டித்தான் இங்கே விடிகிறது. செம்மண்ணில் நல்ல பயிற்சி உள்ளவர்கூடத் தண்ணீருக்கு நின்று, டயர் ஒட்டி, நிழலில் கொஞ்சம் உட்கார்ந்து ஓட்டினால் சராசரி 16 கிலோமீட்டருக்கு மேல் வருவது கஷ்டம். 200-ஐ 16-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை மணி நேரம். காலை ஏழுக்குக் கிளம்பியவர் இரவு ஏழரைக்கு வருகிறார். அது நன்றாக ஓட்டுகிறவர். கடைசி ஆள் எப்போது வருவார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டில் தோட்டத்துக்குள் சைக்கிள் ஓட்டுவது தார் ரோட்டில் விளக்கு வைத்துக்கொண்டு ஓட்டுவதைப் போன்றதல்ல. அந்த நேரத்தில்தான் காட்டுப்பன்றி இறங்கும். லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) நாய்கள் பகலில் வாலாட்டுவதும் இரவில் துரத்துவதும் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். செம்பனைத் (எண்ணெய்ப்பனைத்) தோட்டத்துக்குள் எலி அதிகம். எலிக்காகவே நாகம் வரும். (எலியை ஒழிக்கத் தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள், வெளியூர்க்காரர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்து என்னவென்று கேட்பார்கள்.) இவை எல்லாவற்றையும்விட மோசம், சடக்கின் ஓரத்தில் வெட்டியிருக்கும் வாய்க்கால். மட்டையும் புல்லும் மூடிக் கிடந்தால் பகலிலேயே கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது கேட். கன்சாஸில் அந்தச் சரளைச் சாலைகள் பொதுச் சாலைகள். காவல்துறைக்கும் உள்ளூர் மன்றத்துக்கும் சொல்லிவிட்டால் யார் வேண்டுமானாலும் போகலாம். இங்கே செம்மண் சடக்கு என்றாலே அது ஏதோ ஒரு தோட்டத்தின் சொந்தச் சடக்கு. கேட், சங்கிலி, ஜாகா (காவலாளி), பதிவுப் புத்தகம் எல்லாம் உண்டு. பழக்குலைத் திருட்டு நடக்கிற காலத்தில் எந்த மேனேஜரும் கேட்டைத் திறந்து போட மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. 200 கிலோமீட்டர் வட்டம் எத்தனை கேட்டைத் தாண்டும்? இதில் நம் வரலாறும் வந்து குறுக்கே நிற்கிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். அந்தத் துண்டாடலில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்ததைப் பார்த்துத்தான் இதே சுங்கை சிப்புட்டில் வாழ்ந்த, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடலின் மிச்சம் இன்னும் நிலத்தில் இருக்கிறது. ஒரு பெரிய தோட்டம், அடுத்து நாலு சின்னத் தோட்டம், அடுத்து ஒருவருடைய இருபது ஏக்கர், அதற்கப்புறம் யாருடையது என்றே தெரியாத ஒரு பாதை. பெரிய வட்டம் போட வேண்டுமானால் இவர்கள் எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு ‘சரி’ சொல்ல வேண்டும். ஒருவர் முதல்நாள் மனம் மாறினாலும் வட்டம் அறுந்துபோகும். அறுந்த இடத்தை ஒட்டுப்போட ஈப்போ – கோலகங்சார் பெரிய சாலையில்தான் ஓட்டிகளை இறக்க வேண்டியிருக்கும். லோரி பறக்கிற சாலையில் களைத்துப்போன ஆட்களை விடுவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது, பிற்பகல். உலகிலேயே இடி மின்னல் அதிகமான நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மேற்குக் கரையில், மலையடிவாரத்தில் இருக்கும் நம் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்குமேல் கிழக்கே மலைப்பக்கம் கறுத்தால் என்ன வரும் என்று சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும். இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போக வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும் என்பது பல நாடுகளில் சொல்லப்படும் விதி. இருநூறு கிலோமீட்டர் வட்டத்தில் சிதறிக் கிடக்கும் நூறு பேருக்குக் கட்டடம் எங்கே இருக்கிறது? செம்பனைக்கு அடியில் ஒதுங்குவதுதான் செய்யவே கூடாத காரியம்.

ஆபத்து வந்தால் ஆளை எடுத்து வருவதைப் பற்றியும் ஒரு கணக்கு. 200 கிலோமீட்டர் வட்டத்தை நல்ல உருண்டை வட்டம் என்றே வைத்துக்கொண்டால் அதன் குறுக்களவு ஏறக்குறைய 64 கிலோமீட்டர். இங்கிருந்து நேர்கோட்டில் தைப்பிங்கைத் தாண்டிப் போகிற தூரம் அது. அந்தக் கோடியில் ஒருவர் விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டால், புளோக்குகளுக்கு (தோட்டத்தின் நடவுப் பிரிவுகளுக்கு) நடுவே போன் சிக்னலும் வராவிட்டால், அவர் விழுந்த செய்தி வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகும். நாற்பது கிலோமீட்டர் சுற்றின் குறுக்களவு 13 கிலோமீட்டர்கூட இல்லை. தோட்டத்துப் பிக்கப் ஒன்று கால் மணி, இருபது நிமிடத்தில் எந்த இடத்துக்கும் போய்விடும். ஊரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு ஈப்போ.

பெரிய வட்டத்துக்கு ஆதரவாக ஒன்றே ஒன்று சொல்லலாம். அது ஒரு பயணம். கிளம்பின இடத்தை விட்டுத் தொலைந்துபோய், பார்க்காத ஊர் பார்த்து, திரும்பி வருவது. சுற்றில் அந்த ருசி வராது. கோலாலம்பூரிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர் கார் ஓட்டி வருகிறவர், அதே செம்பனை ஆலைப் புகைபோக்கியை மூன்று தடவை பார்க்கவா வருவார் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

அந்த ருசி வேண்டுமென்றால் அதற்குச் சரியான வடிவம் ஆடாக்ஸ் முறை என்று நினைக்கிறேன். தெரியாதவர்களுக்கு: இது பிரெஞ்சுக்காரர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக நடத்திவரும் முறை. முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் கிடையாது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. வழியில் குறிப்பிட்ட இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும், அல்லது அங்கிருந்த ஒரு கடை ரசீதைக் காட்ட வேண்டும். சாப்பாடு, தண்ணீர், பஞ்சர் எல்லாம் அவரவர் பாடு. மலேசியாவிலும் இந்த ஓட்டங்கள் நடக்கின்றன; நம் ஆட்களும் சிலர் போய் வந்திருக்கிறார்கள்.

நடத்துகிறவர்களுக்கு இதைவிட லேசான வேலை கிடையாது. ஓட்டிகளைக் கூட்டமாகக் காவல் காக்க வேண்டாம், பரிசு மேடை வேண்டாம், நேரம் எடுக்கும் கருவி வேண்டாம். பொதுச் சாலைகளைக் கொண்டே பெரும்பகுதியை அமைத்துவிட்டு, அனுமதி கிடைக்கிற தோட்டத்தில் மட்டும் செம்மண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். கோலகங்சார் போய், மானோங் வழியாகப் பேராக் ஆற்றை ஒட்டி இறங்கி வருகிற பாதை கண்ணுக்கு அவ்வளவு நன்றாக இருக்கும். முதல் முத்திரையைக் கோலகங்சாரில் நிற்கும் அந்தக் கிழட்டு ரப்பர் மரத்தடியில் குத்தலாம். 1877-இல் கொண்டுவந்து நட்ட கன்றுகளின் காலத்து மரம் அது. நம் பாட்டன் பூட்டன்கள் கப்பலேறி வந்ததற்கே அந்த மரவகைதானே காரணம்.

சரி, அப்படியானால் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை? இரண்டு காரணம். பொதுச் சாலையைக் கூட்டக் கூட இது செம்மண் ஓட்டமாகவே இருக்காது. இருநூறில் நூற்று எழுபது தார் என்றால் எல்லாரும் ரேஸ் சைக்கிளில் வந்து செம்மண் வந்ததும் இறங்கித் தள்ளுவார்கள். இரண்டாவது காரணம் எனக்கு முக்கியமானது. ஆடாக்ஸில் ஊர் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. விடியற்காலையில் முப்பது பேர் விளக்கு எரியக் கிளம்புவார்கள். மாலையில் ஒவ்வொருவராக வந்து அட்டையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பழகிய ஓட்டிகளுக்கு அது போதும். நம் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிற பதினாறு வயதுப் பையன் அதைப் பார்த்து ‘நானும் ஓட்டணும்’ என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அவன் அதைப் பார்க்கவே போவதில்லை.

இனி சின்னச் சுற்று. இதுவும் புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் 1992-இல் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கிய 24 மணி நேர மலைச்சைக்கிள் ஓட்டம் இப்படித்தான்: ஒரே சுற்றுப்பாதை, குழுவாக மாறி மாறியும் ஓட்டலாம், தனியாகவும் ஓட்டலாம். நமக்கு 24 மணி நேரமெல்லாம் வேண்டாம். நான் சொல்வது, ஒரே பெரிய தோட்டத்துக்குள், அதிகம் போனால் பக்கத்துத் தோட்டம் ஒன்றையும் சேர்த்து, நாற்பது கிலோமீட்டர். பெரிய சாலையை ஒரு தடவைகூடக் குறுக்கே கடக்கக் கூடாது. கிளம்புவதும் முடிப்பதும் கோயில் திடலில்.

நேரக் கணக்கு இதில் தானாக வந்து பொருந்துகிறது. ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். மதியம் ஒரு மணிக்குமேல் யாரும் புதிய சுற்றைத் தொடங்கக் கூடாது என்று ஒரே ஒரு விதி. மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிற ஒருவருக்குச் சுற்றுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம். 9.40-க்கு ஒன்று, 12.20-க்கு இரண்டு, மூன்று மணிக்கு மூன்றாவது. 120 கிலோமீட்டர் முடித்துவிடுவார். மணிக்கு 20-இல் பறக்கிறவர் சரியாக ஒரு மணிக்கு மூன்று சுற்றை முடித்து நாலாவதில் நுழைந்து, அவரும் மூன்று மணிக்கே 160 கிலோமீட்டரோடு திரும்புவார். மழை கட்டுகிற நேரத்துக்கு எல்லாரும் பந்தலுக்குள் இருப்பார்கள். ஒன்றிரண்டு பேர் மூன்றரை, நாலு மணி ஆகலாம்; அவர்களுக்காக ஒரு பிக்கப் கடைசியில் போகட்டும்.

120 கிலோமீட்டர் நெடுந்தூரமா என்று இருநூறு கேட்கிறவர்கள் உதட்டைச் சுழிப்பார்கள். 33 டிகிரி வெயிலில், வியர்வை காயாத ஈரப்பதத்தில், செம்மண்ணில் 120 ஓட்டிவிட்டு வந்து பேசட்டும். தூரத்தை அளக்க வேண்டியது மைல்கல்லை வைத்தல்ல, ஓட்டுகிறவன் உடம்பை வைத்து. மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது இங்கே சாதாரணம். சைக்கிளில் மாட்டும் இரண்டு பெரிய பாட்டிலில் ஒன்றரை லிட்டர் பிடிக்கும். அதாவது ஒன்றரை மணி நேரத்தில் காலி. ஆகவே சுற்றின் நடுவில் ஒரு தண்ணீர்ப் பந்தல் கட்டாயம் வேண்டும், திடலில் ஒன்று. மொத்தம் இரண்டே பந்தலில் முடிந்தது. இதே கணக்கைப் பெரிய வட்டத்துக்குப் போட்டால் எட்டு ஒன்பது பந்தல், ஒவ்வொன்றிலும் ஆள், ஐஸ், லோரி. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றும். அதற்கு நம்மிடம் மோர் இருக்கிறது, உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் இருக்கிறது, கஞ்சி இருக்கிறது. திருவிழாவுக்கு அன்னதானம் போட்டுப் பழகிய கோயில் சமையல்கட்டுக்கு நூற்றைம்பது பேர் ஒரு பெரிய விஷயமே இல்லை. வெளிநாட்டு ஜெல் பாக்கெட் வேண்டுமென்பவர் பையில் கொண்டு வரட்டும்.

இனி சைக்கிள். இந்த இடத்தில் மூன்று வடிவங்களும் வெகுவாகப் பிரிந்துபோகின்றன. கிரேவல் சைக்கிள் என்று கடையில் விற்பது, ரேஸ் சைக்கிள்போல வளைந்த ஹேண்டில், டிஸ்க் பிரேக், 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமான டயர், ஏற்றத்துக்கு லேசான கியர். நல்ல சாமான்தான், விலையும் நல்ல விலை. 200 கிலோமீட்டரை யார் துணையும் இல்லாமல் ஓட்டுவதென்றால் அதுவும் பத்தாது. டியூப் இல்லாத டயர், உள்ளே ஓட்டையை அடைக்கும் ஒட்டுப்பால், வழி காட்டும் கருவி, பையில் இரண்டு டியூப் எல்லாம் வேண்டும். வெட்டிப் போட்ட மட்டையின் முள்ளைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கன்சாஸில் டயரைக் கிழிப்பது கூரான சிக்கிமுக்கிக் கல். இங்கே மட்டை முள். கல் கிழித்தால் உடனே தெரியும். முள் உள்ளே நின்றுகொண்டு, டியூப் மாற்றிய பிறகும் மறுபடி குத்தும். டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் புது டியூப் போடாதீர்கள்.

சின்னச் சுற்றில் பழைய மலைச்சைக்கிளே போதும். முன்னால் சஸ்பென்ஷன் உள்ள, இரண்டு அங்குல டயர் போட்ட சைக்கிள் நம் ஊரில் எத்தனை வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடக்கிறது! செயின் மாற்றி, பிரேக் கட்டை மாற்றி, காற்றை அளவாக இறக்கி வைத்தால் செம்மண்ணில் அது கிரேவல் சைக்கிளைவிட சொகுசு. வேகம் கொஞ்சம் குறையும், இடுப்பு பிழைக்கும். வழியில் உடைந்தால் அதிகம் போனால் பத்து கிலோமீட்டர் தள்ளினால் பந்தல் வந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், சுற்று என்றால் தமிழ்ப்பள்ளி முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் படிக்கிற பையனும் பெண்பிள்ளையும் ஒரு சுற்றுக்குப் பெயர் கொடுக்கலாம். அப்பா, மகள், மாமா என்று மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொரு சுற்று ஓட்டலாம். பெரிய வட்டம் என்றால் ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிறவர்கள் நம் சடக்கில் ஓட்டுவார்கள், நாம் ஓரத்தில் நின்று தண்ணீர் கொடுப்போம். தண்ணீர் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் தோட்டத்தில் பிறந்தவன் தோட்டத்துச் சடக்கில் வேடிக்கை பார்க்க மட்டும் நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. ரப்பர் பால் வெட்டுக்கும் பெரட்டுக்கும் (காலை ஆள்கணக்கெடுப்புக்கும்) விடியற்காலையில் சைக்கிளில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

சுற்றின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தான் என்று பேச்சு வரக்கூடாது. மழைக்குப் பிறகு நூறு சைக்கிள் ஒரே பாதையில் மூன்று தடவை போனால் களிமண் கிளறிவிடும். இரண்டாவது சுற்றில் சேறு, மூன்றாவதில் சக்கரமே சுற்றாது. 2023-இல் அன்பவுண்ட் ஓட்டத்திலேயே தொடக்கத்தில் சேறு பிடித்துப் பெரிய வீரர்கள் எல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நம் களிமண் அதற்குக் குறைந்ததல்ல. கல் கலந்து உருளை போட்ட முதன்மைச் சடக்கு சீக்கிரம் வடியும். புளோக்குகளுக்குள் போகும் கிளைப்பாதை வடியாது. ஆகவே சுற்றில் பெரும்பகுதி குலை ஏற்றும் லோரிகள் ஓடுகிற சடக்காக இருக்க வேண்டும். முதல்நாள் இரவு கனத்த மழையென்றால் சுற்றைச் சுருக்கவும், தேவையானால் தள்ளி வைக்கவும் ஒரு ஆளுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட வேண்டும். கமிட்டி கூடி முடிவெடுக்கிற விஷயமில்லை அது.

சுற்று எண்ணுவதிலும் தகராறு வரும். கருவி வாடகைக்கு எடுக்கப் பணம் இல்லாவிட்டால், பாதி வழிப் பந்தலில் சுற்றுக்கு ஒரு நிறமாக ரப்பர் வளையம் கையில் மாட்டிவிடுவது போதும். குறுக்கு வழியில் புகுந்து வந்தவன் கையில் வளையம் இருக்காது. அப்புறம், வேகமானவர்கள் மெதுவானவர்களைத் திரும்பத் திரும்பத் தாண்டுவார்கள். எல்லாரும் இடப்பக்கம், தாண்டுகிறவர் குரல் கொடுத்து வலப்பக்கம் என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டால் பெரிய பிரச்சினை இல்லை. திருப்பங்களில் சிந்திக் கிடக்கும் உதிரிப் பழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நசுங்கின பழத்தின் எண்ணெய்மேல் பிரேக் பிடித்தால் கீழேதான்.

மாதத்தைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மேற்குக் கரைக்கு மழை மாதங்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை சில வருஷங்களில் புகைமூட்டம். 2015, 2019 ஞாபகம் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசமும் சீனப் பெருநாளும். எனவே ஜூலை. டுரியான் காலமும் அதுதான், அதனால் வெளியூர்க்காரரைக் கூப்பிடுவது சுலபம். கோலாலம்பூர்க்காரர் ஆலைப் புகைபோக்கியைப் பார்க்க வராவிட்டாலும் டுரியானுக்கு வருவார். கிழமை ஞாயிறு, குலை அறுப்பு பெரும்பாலும் இருக்காது, டிராக்டர் நடமாட்டம் குறைவு. ஆனால் வெட்டின குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கும். சனிக்கிழமை வெட்டியது ஞாயிறு காலை லோரியில் போகலாம். எந்தச் சடக்கில் எத்தனை மணிக்கு லோரி வரும் என்று மண்டோரிடம் (கங்காணியிடம்) கேட்டுத்தான் பாதையை முடிவு செய்ய வேண்டும், கூகள் மேப்பைப் பார்த்து அல்ல.

சின்னச் சுற்று வேண்டாம் என்று நானே சொல்லும் ஒரு நிலைமை உண்டு. ஒரே தோட்டத்தில் முப்பது கிலோமீட்டருக்காவது நல்ல சடக்குக்கு அனுமதி கிடைக்காமல் பத்து கிலோமீட்டருக்கு மட்டும் கிடைத்தால், அதைப் பன்னிரண்டு தடவை சுற்றுவது நெடுந்தூர ஓட்டமில்லை, தண்டனை. அப்போது பேசாமல் ஆடாக்ஸ் முறைக்குப் போய்விடலாம். முப்பது நாற்பது பேர், கோலகங்சார் வட்டம், கையில் அட்டை, கொஞ்சம் செம்மண். பெரிய வட்டத்தை மட்டும் இப்போதைக்கு எடுக்க வேண்டாம். மூன்று நான்கு வருஷம் சுற்று நடத்தி, தோட்ட நிர்வாகங்களிடம் நல்ல பெயர் வாங்கிய பிறகு வேண்டுமானால் இரண்டு நாளாகப் பிரித்து, நாளுக்கு நூறு என்று யோசிக்கலாம், நடுவில் இரவு தங்கல் வைத்து.

இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை பனியன் அச்சடிப்பதல்ல, அதற்குள் இரண்டு பேர் டிசைன் அனுப்பிவிட்டார்கள். மேனேஜரைப் பார்க்கப் போகும்போது கையில் வரைபடம், நூற்றைம்பது பேருக்கு மேல் கிடையாது என்ற உறுதி, விபத்துக் காப்புறுதிக்கான விலைப்பட்டியல், மழை பெய்தால் நிறுத்துவோம் என்ற எழுத்து, சடக்கு கெட்டால் சீர்செய்வதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறோம் என்ற வாக்கு, இத்தனையும் இருக்க வேண்டும். ஓட்டத்தை நடத்தும் சங்கம் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று அவர் கேட்பார். 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி அது தேவை. போலீசுக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் கடிதம் அதற்குப் பின்னால். அனுமதி கிடைத்ததும் கிரேடர் ஓடும் தேதியைக் கேட்டுவிடுங்கள். எப்படியும் வருஷத்தில் சில தடவை சடக்கைச் சுரண்டிச் சமன் செய்வார்கள். அதை ஜூலைக்கு இரண்டு வாரம் முன்னால் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை. ஒவ்வொரு புளோக்கின் முனையிலும் நடவு வருஷமும் எண்ணும் எழுதின பலகை நிற்கிறதல்லவா, அந்த எண்களை வரைபடத்தில் குறித்து ஓட்டிகளுக்குக் கொடுத்துவிடுங்கள். விழுந்தவர் போனில் எண்ணைச் சொன்னால் பிக்கப் ஓட்டுகிற தோட்டத்து அண்ணனுக்கு வேறு விலாசம் தேவையில்லை.